பழைய வெள்ளிக் கரண்டிகள்: ஆங்கிலேய முத்திரையும் பிரெஞ்சு முத்திரையும்

பழைய வெள்ளிக் கரண்டியைச் செய்தவர் யார் என்று கண்டறியப் பழகுவோருக்கு ஆங்கிலேயக் கரண்டியையே முதலில் பரிந்துரைப்பேன். செய்தவரின் பெயரெழுத்துகளோடு, 92.5 விழுக்காடு தூய்மைக்கு நடக்கும் சிங்கமும், ஊரைக் காட்டும் சின்னமும் (லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு 1773 முதல் நங்கூரம்), சோதித்த ஆண்டுக்குரிய எழுத்தும் பெரும்பாலும் அதில் சேர்ந்தே இருக்கும். ஒரே பெயரெழுத்துகளைப் பலர் பயன்படுத்தியிருந்தாலும், ஊரும் ஆண்டும் தெரிந்தால் ஐயத்துக்குரியவர் ஓரிருவராகக் குறைந்துவிடுவர். 1761இல் லண்டனில் தம் முத்திரையைப் பதிவுசெய்த ஹெஸ்டர் பேட்மனின் பெயரெழுத்துகள் கையெழுத்துப் பாணியில் வளைந்திருப்பதால், அவற்றைப் பிரித்தறிவது இன்னும் எளிது. ஆனால் ஏறத்தாழ 1780 வரை முத்திரைகளைக் காம்பின் அடியில், குழிவுக்கு அருகே அடித்தனர்; பிறகு காம்பைத் தட்டி வடிவமைத்தபோது அவை நசுங்கியிருப்பது வழக்கம்.

பிரெஞ்சுக் கரண்டியில் 1838 முதல் பதிக்கப்பட்ட மினர்வா என்னும் ரோமானியத் தேவியின் தலை தூய்மையை மட்டுமே உறுதிசெய்கிறது: 1 என்ற எண் 95 விழுக்காட்டையும் 2 என்பது 80 விழுக்காட்டையும் குறிக்கும். ஆண்டெழுத்து இல்லாததால் காலத்தைச் சுருக்குவது கடினம். எனினும் செய்தவரின் முத்திரை மட்டும் இங்கே கூடுதல் செய்தி தருகிறது. சாய்சதுரக் கட்டத்துக்குள் பெயரெழுத்துகளோடு அவருக்கே உரிய ஒரு சின்னமும் இருப்பதால், எழுத்துகள் ஒத்துப்போனாலும் சின்னம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அது மிகச் சிறியது என்பதால் பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கி கட்டாயம் வேண்டும். கட்டம் நேர்ச்சதுரமாக இருந்தால் அது பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசிய கரண்டியே.