குன்னூர் ஈரத்தில் ஜாய்ஸ்டிக்கும் திராட்டிலும்: நெடுநாள் அனுபவம்

கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு வாங்கிய முதல் வாரத்தில் எந்த ஜாய்ஸ்டிக்கும் நன்றாகத்தான் இருக்கும். குன்னூரில் அதன் குணம் ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியவரும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்தால் பனி வீட்டுக்குள் நுழையும் நாட்களில் தோல் செருப்பு பூசணம் பூக்கிறது, கேமரா லென்ஸ் பூசணம் பூக்கிறது. மேசைமேல் கிடக்கும் ஜாய்ஸ்டிக் மட்டும் தப்புமா?

என்னிடம் முதலில் இருந்தது பொட்டென்ஷியோமீட்டர் வகை. உள்ளே கரித்தடம் ஒன்றின்மேல் சிறு உலோகத் துண்டு உரசிக்கொண்டே நகரும். அது நிற்கும் இடத்துக்குத் தக்கபடி மின்னழுத்தம் மாறும். கணினி படிப்பது அதைத்தான். தேய்மானத்தோடு ஈரமும் தூசியும் சேர்ந்தபோது, கை படாமலேயே விமானத்தின் மூக்கு துள்ளத் தொடங்கியது. மவுண்ட் ரோட்டில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, ரேடியோவில் ஒலியைத் திருகினால் கரகரக்குமே, அதே நோய்தான். ஸ்பிரே அடித்துத் தருகிறேன். அடுத்த மழைக்கு மறுபடியும் வருவீர்கள்" என்றார். போக வேண்டித்தான் வந்தது.

இப்போது பயன்படுத்துவது ஹால் சென்சார் வகை. காந்தம் நகர்வதை ஒரு சிப் தொடாமலே உணர்கிறது. உரசல் இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. மழைக்காலங்கள் வந்துபோய்விட்டன, நடுநிலை அசையவில்லை. மலையில் இருப்பவர்கள் பிராண்டைப் பிறகு பார்க்கலாம், சென்சாரை முதலில் கேளுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டிமேல் 'ஹால்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், முன்பின், இடவலம் ஆகிய இரண்டு அச்சுகளுக்கு மட்டுமே அது இருக்கலாம். விமானத்தின் வாலிலுள்ள சுக்கானுக்காக ஸ்டிக்கைத் திருகும் அச்சும், சிறு நெம்புகோல்களும் பழைய வகையாகவே இருப்பதுண்டு.

இனி அமைப்புகள். ஸ்டிக்கின் அசைவுக்கு விமானம் எவ்வளவு அசையவேண்டும் என்று தீர்மானிக்கும் சென்சிட்டிவிட்டி வளைவைப் பற்றி ஆளுக்கொரு எண் சொல்வார்கள். வளைவு என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் யார் எண்ணும் வேண்டியதில்லை. இருபடி வளைவு வைத்தால், ஸ்டிக்கைப் பாதி தள்ளும்போது விமானத்துக்குப் போவது கால் பங்கு மட்டுமே. நடுவில் கை நடுக்கம் தெரியாமல் சொகுசாக இருக்கும். ஆனால் அங்கே சேமித்ததை ஓரத்தில் வட்டியோடு கட்டவேண்டும்: கடைசிப் பகுதியில் சிறு அசைவுக்கும் பெரிய விளைவு. பக்கவாட்டுக் காற்றில் தரையிறங்கும்போது பெரிய திருத்தங்கள் தேவைப்படும், அப்போது விமானம் வெட்டி வெட்டித் திரும்பும். நான் லேசான வளைவோடு நிறுத்திக்கொண்டேன். டெட் ஸோனை, அதாவது ஸ்டிக் அசைந்தும் கணினி கண்டுகொள்ளாத நடுப்பகுதியை, கையை எடுத்தால் நடுக்கம் மறையும் அளவுக்கு மட்டும் வைத்தேன். திருகு அச்சுக்கு மட்டும் அது தாராளமாக வேண்டும். இல்லாவிட்டால் வலப்பக்கம் சாய்க்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் சுக்கானையும் திருகிவிடும்.

வளைவை நோண்டுவதைவிட, கையை எடுத்தாலும் விமானத்தின் மூக்கை அதே நிலையில் நிறுத்தும் டிரிம்மை, ஜாய்ஸ்டிக்கின் தலையில் கட்டைவிரலால் தள்ளும் ஹேட் சுவிட்சுக்குக் கொடுப்பது பல மடங்கு பயன். ஸ்பிரிங்கை எதிர்த்துக் கை பிடித்துக்கொண்டே இருந்தால் எந்த வளைவும் உதவாது.

எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான திராட்டிலின் கதை வேறு. நம் ஊரை நோக்கிப் பறந்து பார்த்தால் அது புரியும். கோயம்புத்தூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி. குன்னூர் 6,000 அடிக்கு மேல். தொட்டபெட்டா 8,600 அடியையும் தாண்டுகிறது. செஸ்னா 172 என்ற சிறு ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பி நேராகக் குன்னூரைப் பார்த்து ஏறினால், உயரம் சேர்வதற்கும் மலை வருவதற்கும் நடுவே மிச்சம் அதிகம் இருக்காது. மேட்டுப்பாளையத்துக்கு மேல் ஒரு வட்டம் அடித்து ஏறுவதே நிம்மதி. உயரத்தில் காற்று மெலிவதால், அதை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சின் 8,000 அடியில் முழு திராட்டிலிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு சக்திதான் தரும். காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைக்காமல் விட்டால் அதுவும் கிடைக்காது. ஆகவே இந்தக் கலவைக்கென்று தனி நெம்புகோல் ஒதுக்குங்கள். கல்லாறு காட்டுக்கு மேல் ஏறும்போது அந்த நெம்புகோலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். எஞ்சின் சுழல்வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். அந்த உச்சத்திலிருந்து ஒரு மயிரிழை முன்னே தள்ளி நிறுத்துவது தனிச் சுகம். விசைப்பலகையில் இது வராது.

பெரிய விமானங்களில் இன்னொரு வேறுபாடு. போயிங் 737-இல், சக்தியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ திராட்டில் இயங்கும்போது நெம்புகோல்கள் மோட்டாரால் தாமே நகரும். நம் வீட்டு நெம்புகோலுக்கு மோட்டார் கிடையாது. ஆட்டோவை அணைக்கும் நொடியில் திரையில் ஓரிடம், கையில் வேறிடம். எஞ்சின் சட்டென்று உறுமும், அல்லது அடங்கும். ஏர்பஸ் ஏ320-இல் இந்தத் தொல்லை இல்லை. ஏறும்போது 'சிஎல்' (கிளைம்ப், அதாவது ஏற்றம்) என்று குறித்த பள்ளத்தில் வைத்த நெம்புகோல், வழக்கமான பயணத்தில் தரையிறங்கும்வரை அங்கேயே இருக்கும்; தரைக்கு 20 அடியில் 'ரிடார்ட்' (சக்தியைக் குறை) என்று குரல் கேட்டதும் பின்னுக்கு இழுத்தால் போதும். வீட்டு திராட்டிலுக்கு ஏர்பஸ்தான் பொருத்தம் என்பேன். சிமுலேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320-இல் விமானியின் டேப்லெட்டிலேயே திராட்டில் அளவீட்டுப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் நெம்புகோலை வைத்து, அந்த மதிப்பைப் பதிந்துகொள்ளலாம். இதைச் செய்யாமல் பறப்பவர்கள்தான் 'சிஎல்' பிடிக்கவில்லை என்று புலம்புகிறார்கள்.

இப்படி விமானத்துக்கு விமானம் அமைப்பு மாறுவதால் ஒவ்வொன்றின் அமைப்புகளையும் சேமித்துவைக்கும் தனித்தனி புரொஃபைல் கட்டாயம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் கையால்தான் மாற்றவேண்டும். அதன் 2024 பதிப்பிலும், இன்னொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12-இலும் விமானத்தோடு சேர்த்தே சேமிக்கலாம்.

மலையில் கரண்ட் பற்றிச் சொல்லாமல் முடியாது. மரம் சாய்ந்தால் கம்பி அறுந்தது என்று பொருள். யுபிஎஸ் இல்லாமல் நீண்ட பயணம் தொடங்காதீர்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் யுஎஸ்பியை உறங்கவைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். திராட்டில் பயணத்தின் பாதியில் காணாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். கருவிகளை எப்போதும் அதே யுஎஸ்பி துளைகளில் செருகுங்கள். பறக்காத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் போட்டுவைக்கிறேன்.

சுக்கானைக் காலால் இயக்கும் பெடல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: திருகு அச்சு ஒழுங்காக இருக்கும்வரை அவசரமில்லை. ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் என்றால் மட்டும் திராட்டிலுக்கு முன்பே அதில் பணத்தைப் போடுங்கள்.