கூரைக் கட்டருக்கு எந்த மூடி? ஸ்பான்ஞ், பிரஷ், வளைதகடு, வலை

கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் வாய்க்கால்தான் கட்டர். இலை அடைக்காமல் இருக்க அதன்மேல் போடக் கடைகளில் கிடைக்கும் மூடிகளில் பெரும்பாலானவை இலையுதிர் காலத்தில் மட்டும் இலை கொட்டும் ஊர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க இலை விழுகிறது. ஆண்டு மழை 2,100 மி.மீ.யைத் தாண்டுகிறது. தேங்கிய நீரில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தரைவீட்டுக்காரர் எந்த மூடியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது: உள்ளே தண்ணீர் நின்றால் என் கண்ணுக்குத் தெரியுமா?

ஸ்பான்ஞ் மலிவு. நறுக்கிக் கட்டருக்குள் திணித்தால் வேலை முடிந்தது, திருகு கூட வேண்டாம். ஆனால் வெயிலில் மேல்பகுதி பொடியும், துளைகளில் மண் ஏறும், பறவை எச்சத்தில் வந்த விதை அதில் முளைக்கும். ஈரம் காயவே காயாது. இங்கே வாங்கவே வேண்டாம்.

பிரஷ் அதைவிடப் பரவாயில்லை. நாட்டு வாதுமை, மா போன்ற பெரிய இலை மட்டும் விழும் வீட்டுக்குப் போதும். தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் விழுந்தால் இழைகளுக்குள் சிக்கிப் பாயாகப் படியும், உதறினாலும் போகாது. கொசுவை அது தடுக்காது. ஆனால் சட்டென்று வெளியே இழுத்து அடியில் பார்த்துவிடலாம்.

வளைதகடு விலை கூடியது, விளம்பரத்தில் அழகானது. தண்ணீர் வளைவை ஒட்டிக்கொண்டு முன்பக்கப் பிளவுக்குள் இறங்கும், இலை வெளியே விழும். தூறலுக்குச் சரி. கூரையின் ஒரு சரிவு 50 சதுர மீட்டர், மழை மணிக்கு 100 மி.மீ. வேகம் என்றால் மணிக்கு 5,000 லிட்டர், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர். சுமத்ரா சூறைக்காற்றோடு வரும் விடியற்காலை மழையில் அந்த நீர் வளைவை விட்டுத் தாவும், வரிசை வீடென்றால் பக்கத்து வீட்டுச் சுவரை நனைக்கும். பிளவு கொசுவுக்கு வாசல், உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. காசு கொடுத்துக் கொசுவுக்குக் கூரை போட்டுத் தருவதற்குச் சமம்.

மிஞ்சுவது வலை. அதிலும் பிளாஸ்டிக் வலை நம் வெயிலில் நொறுங்கும். துளையிட்ட அலுமினியத் தகடு உறுதியானது, ஆனால் 3 முதல் 5 மி.மீ. துளையில் பொடி இலைக் காம்புகள் குத்தி நிற்கும், கொசுவும் நுழையும். 1 மி.மீ.க்கும் குறைந்த கண் கொண்ட எவர்சில்வர் நுண்வலை இரண்டையும் தடுக்கும். கடலோர வீடுகளுக்கு உப்புக் காற்றைத் தாங்கும் 316 தர எவர்சில்வர் கேளுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள கட்டரில் எவர்சில்வர் நேரடியாகப் பட்டால் பூச்சு அரிக்கும். இடையில் ரப்பர் பட்டை வேண்டும்.

நுண்வலைக்கும் குறை உண்டு. தூசியும் மகரந்தமும் படலமாகப் படிந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கி ஓடும். மென்மையான துடைப்பத்தால் அவ்வப்போது தேய்க்க வேண்டும். தட்டையாகப் போட்டால் இலை அங்கேயே கிடக்கும். அதனால் ஓட்டுக் கூரையில் இரண்டாவது ஓட்டு வரிசைக்கு அடியில் செருகி, கட்டரின் முன் விளிம்பு வரை கூரைச் சாய்விலேயே இழுத்து, ஏறக்குறைய 30 செ.மீ.க்கு ஒரு திருகு போட வேண்டும். இரு கூரைச் சரிவுகள் கூடும் மடிப்பில் தண்ணீர் மொத்தமாகப் பாயும், அங்கே முன்விளிம்பில் ஒரு தடுப்புத் தகடு இல்லையென்றால் எந்த வலையும் தோற்கும்.

மூடி பொருத்தித் தரும் குத்தகையாளர்கள் சொல்லாத ஒன்று: கட்டரில் மாதம் ஒருமுறை பிடிஐ என்ற கொசுப்புழு மருந்து போடச் சொல்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். நுண்வலை வழியாக அந்த மருந்துத் துகள் இறங்காது. இறங்குகுழாய் வாய்க்கு மேலே ஒரு வலைத் துண்டு, நடுவில் ஒரு துண்டு, கருவியில்லாமல் திறக்கும்படி கேளுங்கள். முழு நீளத்தையும் ரிவெட் அடித்து மூடினால் பிறகு வருத்தப்படுவீர்கள். கொசுப் பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டுக்கு அபராதம் 200 வெள்ளியில் தொடங்குகிறது.

மூடி போடும் முன் கட்டரின் சாய்வைச் சோதியுங்கள். 200க்கு 1 என்ற கணக்கில் 10 மீட்டர் நீளத்துக்கு 5 செ.மீ. இறக்கம் வேண்டும். குழாய்த் தண்ணீர் விட்டு அரைமணி கழித்துப் பாருங்கள். நடுவில் குட்டை தெரிந்தால் தாங்கிகள் தொய்ந்துவிட்டன. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். எந்த மூடியும் தொய்வைச் சரிசெய்யாது.

சில வீடுகளுக்குக் கட்டரையே கழற்றுவது சரியான முடிவு. கூரை விளிம்புக்கு நேர்கீழே தரையில் வடிகால் இருக்க வேண்டும், சொட்டும் நீர் எல்லைச் சுவரைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டை ஒட்டிய சரிவில் இது நடக்காது. முன்புறமும் பின்புறமும் மட்டும் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் வலை போட்ட கட்டரை விட்டுவைக்கலாம்.