கழுத்து நரம்பும் ஒரு பழைய துண்டும்: இரண்டு வருட அனுபவம்

முதலில் சுளுக்கு என்றுதான் நினைத்தேன். தைலம் தேய்த்துப் படுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி இடது தோள்பட்டையிலிருந்து நடுவிரல் வரை ஷாக் அடித்த மாதிரி வலி இறங்கியது. கழுத்தில் ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதாக எம்ஆர்ஐ சொன்னது.

பகல் எப்படியோ ஓடிவிடும். படுத்தால்தான் கொடுமை. இடது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்து மல்லாந்தால் மட்டும் கண் அசரும். "தலையில கை வச்சுப் படுக்காதடா, குடும்பத்துக்கு ஆகாது" என்று அம்மா கையை எடுத்துவிடுவார். அவர் நகர்ந்ததும் திரும்ப வைத்துக்கொள்வேன். அப்படித் தூக்கும்போது நரம்பின் இழுப்பு குறைகிறது, வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க டாக்டர்களே இதைச் செய்துபார்ப்பார்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளை அடுக்கிப் படுக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டேன். 2,400 ரூபாய்க்கு நடுவில் பள்ளம் வைத்த மெமரி ஃபோம் தலையணை வந்தது, சூட்டுக்கு இளகி அமுங்கும் ரகம். ஏசி போட்டால் கல், கரண்ட் போனால் களி. மல்லாந்து படுக்கப் பரவாயில்லை, ஒருக்களித்தால் உயரம் போதவில்லை. ஒன்றரை வருடத்தில் குழி விழுந்துவிட்டது.

நிலைத்தது, நைந்துபோன ஒரே ஒரு இலவம்பஞ்சுத் தலையணைதான். உறைக்குள், கழுத்து வரும் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். வலது பக்கம் ஒருக்களிக்கும்போது மேலே இன்னொரு துண்டை மடித்துப் போடுவேன். காதுக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நிரம்ப வேண்டும், தலை எந்தப் பக்கமும் சாயக்கூடாது. இடது கை முன்னால் சரிந்து தோளை இழுக்காமலிருக்க, கட்டிக்கொள்ள ஒரு தலையணை. குப்புறப் படுப்பதை அடியோடு விட்டாயிற்று.

நரம்பு வலிக்குத் தந்த பிரிகாபலின் மாத்திரை தூக்கம் தந்தது, விடிந்ததும் சுவரைப் பிடித்து நடக்கவும் வைத்தது. டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தேன், சட்டென்று நிறுத்தக்கூடாது.

நாலு மாதத்தில் வலி அடங்கியது. துண்டால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். ஆனால் டம்ளர் கைநழுவுகிறது, நடை தடுமாறுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தலையணை தேடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் துண்டு இல்லாமல் மாட்டிக்கொண்டேன். வேட்டியைச் சுருட்டி வைத்துப் படுத்தேன். காலையில் நடுவிரல் மட்டும் கொஞ்சம் விறுவிறுத்தது.