ஜிம்னிக்கு எந்த டயர்: 235 போட்டுப் பட்டதும் 215 போட்டுப் பார்த்ததும்

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். வீடு ஹட்டனில். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, டயகம என்று எந்தத் தோட்டத்திலிருந்து போன் வந்தாலும் போக வேண்டும். லயத்துப் பிள்ளைகள் "மாட்டு டொக்டர் வாறாரு" என்று வண்டிக்குப் பின்னால் ஓடி வருவார்கள். டொக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

டயரைப் பற்றி எழுத வந்தவன் மாட்டில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் மாடு கத்தத் தொடங்கினால் அன்று மாலை ஊசி போட வேண்டும். மாலையில் கத்தினால் மறுநாள் காலை. தவறினால் இன்னும் 21 நாள் பொறுக்க வேண்டும், அந்த வீட்டுப் பால் வருமானமும் அவ்வளவு தள்ளிப் போகும். ஜூன் மாதத்தில் வட்டவளைப் பக்கம் மழை கொட்டுகிறது, ரோட்டில் மண் கரைந்து ஓடுகிறது என்றெல்லாம் மாட்டுக்குத் தெரியாது. "சேர், காலையிலருந்து கத்துதுங்க" என்று போன் வந்தால் கிளம்பத்தான் வேண்டும். வண்டியின் பின்பக்கத்தில் நைட்ரஜன் கேன் நிற்கும். உள்ளே மைனஸ் 196 பாகையில் விந்துக் குச்சிகள். அந்தக் கேன் சாயாமல் போய் வருவதுதான் என் பிழைப்பு.

வண்டி 2008ஆம் ஆண்டு சுசூகி ஜிம்னி, நான்கு சக்கர இழுவை உள்ள சின்ன வண்டி, ஜேபி43 மொடல், 1.3 லீற்றர் என்ஜின், கையால் கியர் போடுவது. 2021இல் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய வண்டிகள் எல்லாம் தங்க விலைக்குப் போய்விட்டன, அதனால் கொடுத்த காசைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வரும்போது அதில் 205/70/15 தார் ரோட்டு டயர் இருந்தது. கம்பெனி போட்ட அளவும் அதுதான். தாரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2023இல் ஒரு நாள் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில், சிவப்பு மண் இறக்கத்தில், பிரேக்கைத் தொட்டதும் வண்டி குறுக்காகத் திரும்பி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. கேன் சாய்ந்து, மூடி கழன்று, உள்ளே இருந்தது முழுவதும் வெள்ளைப் புகையாகப் போனது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளிவிட்டார்கள். அன்றைக்கே முடிவெடுத்தேன், ஏடி டயர், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான முரட்டு டயர், போடுவதென்று.

முடிவு சரி. அளவில்தான் மோசம் போனேன்.

கண்டிப் பக்கம் ஒரு கடை. பெயர் வேண்டாம். பாவித்த ஜப்பான் டயர் மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். நான் ஜிம்னி என்றதும் 235/75/15 நான்கை உருட்டிக்கொண்டு வந்து, "இதைப் போட்டால்தான் ஜீப் மாதிரி இருக்கும்" என்றார்கள். ஒன்று 18,000 ரூபா. போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை கினிகத்தேனை ஏற்றம் வரைக்கும்தான்.

இங்கே கொஞ்சம் கணக்கு. டயரில் எழுதியிருக்கும் முதல் எண் அகலம், மி.மீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 205/70/15இன் மொத்த உயரம் 668 மி.மீ. 235/75/15 என்றால் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் கூட. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். அதை உருட்ட என்ஜினும் கூடுதலாக இழுக்க வேண்டும். எல்லாக் கியரையும் 10 சதவீதம் நீட்டிவிட்ட மாதிரி. கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். நமக்கு அப்படியில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு, டேர்போ இல்லாத என்ஜினின் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஏற்கனவே போய்விடும். மிச்சமிருக்கும் பலத்தில் இந்த 10ஐயும் கழித்தால் 1.3 என்ஜினுக்கு என்ன மிஞ்சும்? மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டு, இரண்டில் ஏறிய இடத்தில் ஒன்று. பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்கினார்.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் டயர் பம்பர் மூலையில் கறகறவென்று உரசும். தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி எதிரே வந்தால் முழுதாகத் திருப்பாமல் என்ன செய்வது? 70 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன்.

அப்புறம்தான் ஹட்டன் பக்கம் ஒரு நானாவின் சின்ன டயர் கடைக்குப் போனேன். போர்டு கூட மங்கிப்போன கடை. இந்த விமர்சனத்தில் பாதிப் புள்ளி அந்தக் கடைக்குத்தான். நானா முதலில் டயரைப் பார்க்கவில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்து, அதில் அடித்திருந்த எண்ணைக் காட்டினார். ஐந்தரை அங்குல அகலம். 235/75 டயருக்குக் குறைந்தது ஆறு அங்குல ரிம் வேண்டும். "வாப்பாட சேட்ட மகனுக்குப் போட்ட மாதிரி இருக்கி, தம்பி" என்றார். பிறகு பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தைத் தேடிப் பிடித்தார். 3814. அதாவது 2014ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்த டயர். ஒன்பது வயது. தரையில் படும் வெட்டு, அதாவது பூ, புதிது போல இருந்தாலும் நகத்தால் கீறினால் ரப்பர் மரக்கட்டை மாதிரி. நான் வாங்கும்போது இந்த நான்கு எண்ணை யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

"என்ன போடலாம் நானா?" என்று கேட்டேன். அவர் இரண்டு அளவு சொன்னார். ஒன்று 195/80/15. 2018இல் வந்த புது ஜிம்னியில் கம்பெனியே போடுவது. உயரம் 693, அகலம் நமது பழைய டயரைவிடக் குறைவு. மற்றது 215/75/15, உயரம் 703. பழையதைவிட 5 சதவீதம் பெரிது, ஐந்தரை ரிம்மிலும் உட்காரும். எனக்கு மனசு 195க்குத்தான் போனது. சேற்றில் ஒல்லி டயர்தான் அழுத்திப் போய் அடியில் இருக்கும் கல்லைப் பிடிக்கும், அகலமானது மேலே மிதக்கும். தோட்டத்துச் சேறு ஒரு சாண் ஆழம், அடியில் கல். மணலில் ஓட்டுகிறவருக்குத்தான் அகலம் வேண்டும். ஆனால் 195இல் ஏடி வர ஒரு மாதமாகும் என்றார். மாடு கத்துமே. 215ஐப் போட்டேன். ஒன்று 54,000 ரூபா, ஐந்து டயர். ஸ்பெயாரும் அதே அளவில் வேண்டும் என்று நானா விடவில்லை. நான்கு சக்கர இழுவையில் போகும்போது ஒரு டயர் மட்டும் உயரம் மாறினால் கியர்ப்பெட்டிப் பக்கம் சிக்கல் வரும் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த ஐந்தாவது 54,000 வலித்தது.

டயரைப் பூட்டியதும் உடனே என்னை அனுப்பவில்லை. முன் டயரின் ஓரங்களில் வெள்ளைச் சோக்கைத் தடவினார். ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையில் ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் இடது பக்கப் பிளாஸ்டிக்கில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் மட்டும் சூட்டுக் காற்றை அடித்து, இளகியதும் மரச் சுத்தியல் பிடியால் உள்ளே தள்ளினார். மறுபடி சோக், மறுபடி திருப்பு. கோடு விழவில்லை. இதற்கு அவர் காசு வாங்கவில்லை. பிளேன்டீதான் வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு ஒரு பைத்தியம், எதையும் நிறுத்துப் பார்ப்பது. பூட்டுவதற்கு முன் பால் சேர்க்கும் இடத்துத் தராசில் மூன்று டயரையும் ரிம் இல்லாமல் வைத்துப் பார்த்தேன். பழைய 205 பத்துக் கிலோ. புது 215 பதினாலு. அந்த 235 பதினேழு! பால் ஊற்ற வந்தவர்கள் சிரித்தார்கள். நான்கு சக்கரத்திலும் சேர்த்து 28 கிலோ கூடுதலாகச் சுழல வேண்டியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். உயரத்தை மட்டும் கணக்குப் பார்த்து எடையை விட்டால் ஏமாந்துதான் போவோம்.

இப்போது 11 மாதம், மீற்றரில் 14,000 கிலோமீற்றர்.

சேற்றில் நன்றாக இருக்கிறது, சந்தேகமில்லை. அன்று கானுக்குள் இறங்கிய அதே இறக்கத்தில் மூன்று தடவை மழையில் போய் வந்துவிட்டேன். கல் ரோட்டில் இன்னும் நல்லது. கவ்வாத்து வெட்டிய மலைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் சரிந்து கிடக்கும் தேயிலைக் குச்சியின் வெட்டு முனை ஈட்டி மாதிரி. பழைய டயரில் இரண்டு தடவை பக்கச் சுவரில் குத்தி, ஒட்டவே முடியாமல் தூக்கிப் போட்டேன். அட்டை கடிக்கக் கடிக்கச் சக்கரம் மாற்றுவது ஒரு தனி அனுபவம், யாருக்கும் வேண்டாம். இது எல்டி வகை, அதாவது சின்ன லொறிகளுக்கான டயர், பக்கச் சுவர் தடிப்பு. சுமை எண் 100, அதாவது ஒரு டயருக்கு 800 கிலோ. பழையதில் 95, 690 கிலோ. இதுவரை ஒரு பஞ்சர்தான், அதுவும் ஆணி.

வண்டி உயர்ந்தது வெறும் 18 மி.மீ. டயரின் உயரம் 35 கூடினாலும் அடியில் பாதிதானே கிடைக்கும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தோட்டத்துத் தண்ணீர்க் கான்களைக் குறுக்காகக் கடக்கும்போது அடியில் தட்டும் அந்தச் சத்தம் குறைந்திருக்கிறது.

எதில் ஏமாற்றம் என்றால், பாசி பிடித்த கொங்கிரீட். தோட்டங்களில் இரண்டு சக்கரத்துக்கு இரண்டு பட்டையாகப் போட்டிருப்பார்களே, மழைக்காலத்தில் அது சவர்க்காரம் தடவின மாதிரி. ஏடி டயர் அதைப் பிடிக்கும் என்று நம்பினேன். பிடிக்கவில்லை. ஈரத் தாரிலும் பழைய ரோட்டு டயர்தான் மேல். கட்டை கட்டையான பூ, தரையில் படும் ரப்பர் குறைவு. நானுஓயாவிலிருந்து ரதல்லைக் குறுக்கு ரோட்டில் மழையில் இறங்கும்போது முன்பைவிட நிதானமாகத்தான் இறங்குகிறேன். கியரிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன், பிரேக்கை நம்புவதில்லை.

காற்று விஷயம் முக்கியம். பக்கத்துப் பெற்றோல் செட்டில் ஒரு பொடியன் 35 அடித்துவிட்டான். வண்டி தவளை மாதிரித் துள்ளியது, பின்னால் கேன் டங் டங் என்று ஆடியது. நானா 28க்கு இறக்கினார். தடித்த சுவர் என்பதால் பழைய டயருக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் கூட வேண்டும், ஆனால் ஜிம்னி ஒரு டன் வண்டி, லொறி இல்லை. இப்போது கேன் ஆடுவதில்லை.

ஏற்றத்தில் இழுவை குறைந்தது தெரிகிறது, ஆனால் 235 மாதிரிக் கொல்லவில்லை. கினிகத்தேனையில் மூன்றாம் கியர் பாதித் தூரம் வரை தாங்குகிறது. பெற்றோல் லீற்றருக்கு 11.5 ஓடியது 10.2 ஆனது. இங்கே ஒரு சூட்சுமம், மீற்றர் பழைய டயருக்குச் செய்தது. பெரிய டயரில் அது குறைத்துத்தான் எண்ணும். 5 சதவீதம் கூட்டினால் உண்மையில் 10.7. நஷ்டம் இருக்கிறது, பார்ப்பதற்குத் தெரிகிற அளவு இல்லை. வேக மீற்றர் முன்பு 60 காட்டும்போது போனில் 57 இருக்கும். இப்போது இரண்டும் ஒன்று. இது எதிர்பாராமல் கிடைத்த இலாபம்.

சத்தம் இருக்கிறது. 50ஐத் தாண்டினால் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு ஒலி. கொழும்புக்குப் போன ஒரு நாள் தலைவலி வந்தது. தோட்டத்து ரோட்டில் யார் 50இல் போகிறார்கள்? பின் கதவில் மாட்டும் ஸ்பெயார் வீலின் பிளாஸ்டிக் உறை இப்போது பொருந்தாது. வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறோம்.

பூ புதிதில் 11 மி.மீ. ஆழம். இப்போது முன்னால் எட்டரை, பின்னால் ஒன்பது. அடுத்த கிழமை ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்ற நானாவிடம் போகிறேன். தேய்ந்து முடிகிறபோது 195/80க்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அந்த 235 நான்கும் இன்னும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் அந்த நான்கு இலக்கத்தைக் காட்டுகிறேன், அதனால் ஒருவரும் வாங்கவில்லை.