செயலியா, சொந்த மோட்டார் சைக்கிளா?

திருகோணமலை உவர்மலையில் நாங்கள் நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடையின் பார்சல்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க, முதலில் வெளி நிறுவனமொன்றின் செயலியில் சேர்ந்து, ஒரு சுற்றுலாப் பருவம் முடிந்ததும் சொந்த மோட்டார் சைக்கிளுக்கும் ஆளுக்கும் மாறினோம். ஆகவே, என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செயலியின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. வண்டிக்கு முதல் போட வேண்டியதில்லை. ஆள் வராத நாளில் தவிக்க வேண்டியதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியில் வந்து தங்குவோரில் பலர் கொழும்பில் ஊபர் ஈட்ஸ், பிக்மீ ஃபூட் என்று பழகியவர்கள். கடையின் பெயரே அறியாத அவர்களை எட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. தரகுதான் கசக்கும். நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாக் கொத்தில் 250 ரூபா போய்விடும். ஆனால் சொந்த ஆளுக்கும் சம்பளம், பெட்ரோல், வண்டித் திருத்தம் ஆகியவற்றுடன் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தொழில்தருநர் கட்ட வேண்டும். ஓடரே வராத நாளிலும் இச்செலவு நிற்பதில்லை. எங்கள் கொப்பியில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே வந்தன.

எங்களை மாற வைத்தது வாடிக்கையாளரின் தொலைபேசி எண். செயலிவழி வந்த ஓடர்களில் என்ன உணவு என்பது தெரிந்ததே தவிர, யார் உண்டார் என்பது தெரியவில்லை. வடகீழ்ப் பருவமழை தொடங்கிப் பயணிகள் ஊர் திரும்பியதும் கடையைத் தாங்குவோர் திருக்கடலூர், அன்புவழிபுரம், பாலையூற்றுப் பக்கத்து வீட்டார்தாம். ஐந்து மாதம் விற்றிருந்தும், இன்று நல்ல கணவாய் வந்திருக்கிறது என்று சொல்வதற்கு எங்களிடம் ஓர் எண்கூட இருக்கவில்லை. சொதி சிந்திய பார்சலைப் பற்றிய முறைப்பாடும் நிறுவனத்துக்கே போய், பணம் கழிக்கப்பட்ட பின்னர்தான் எங்களுக்குத் தெரியவந்தது. இப்போது அப்படி நேர்ந்தால் வீட்டார் எங்களையே அழைக்கிறார்கள். சில நிமிடங்களில் வேறு சொதி போய்ச் சேருகிறது. எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி, யார் கந்தசஷ்டி விரதம் முடியும்வரை மச்சம் தொடமாட்டார் என்பதெல்லாம் கொப்பியில் இருப்பதால், அந்த மழை நாட்களில் எவ்வளவு சமைப்பது என்ற கணக்கும் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

நிலாவெளி மட்டும் இதற்குள் அடங்கவில்லை. பதினைந்து கிலோமீற்றர் அளவு தூரம் ஒரே ஆள் போய் வருவதற்குள் ஊருக்குள் மூன்று ஓடர்கள் ஆறிவிடும். அங்குள்ள கடைகளுக்குச் செயலியே பொருந்தக்கூடும். ஒரே பருவ அனுபவத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை. அடுத்த மே மாதம் நிலாவெளிக்கு மட்டும் செயலிக் கணக்கைத் திறக்கலாமா என்று யோசிக்கிறோம். நிறுவனம் மறுக்காவிட்டால், எங்கள் எண் அச்சிட்ட துண்டொன்றும் ஒவ்வொரு பார்சலுக்குள் போகும்.