ஆயுள் சான்றிதழ் முகாமில் முகம் காட்டும் செயலி: சில நவம்பர்களுக்குப் பிறகு

ஓய்வூதியர் சங்கங்களும் குடியிருப்போர் நலச்சங்கங்களும் நவம்பரில் போடும் ஆயுள் சான்றிதழ் (ஓய்வூதியர் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் கொடுக்கும் சான்று) முகாமுக்கு இப்போது கைரேகைக் கருவியே வேண்டியதில்லை. இந்தச் சான்றிதழை மின்னணு முறையில் போடும் மத்திய அரசின் ஜீவன் பிரமாண் 2014-இல் தொடங்கியபோது பெரும்பாலும் விரலை நம்பித்தான் இருந்தது. ரேகை தேய்ந்தவர்கள் பாடு திண்டாட்டம். 2021 நவம்பரில் முக அடையாள முறை வந்தபின் ஓர் ஆண்ட்ராய்டு போன் போதும். தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில் தெரிவது: முகம் அநேகமாகச் சிக்கல் தருவதில்லை. படிவம்தான் காலை வாருகிறது.

முதலில் போனைத் தயார் செய்யும் வேலை. இரண்டு செயலிகள் வேண்டும்: ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் ஃபேஸ் ஆப். முதலாவதை நிறுவினாலும் திரையில் அதன் படம் தோன்றாது. நிறுவவில்லையோ என்று மறுபடி மறுபடி பதிவிறக்குபவர்கள் உண்டு. போன் அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்தால் அங்கே இருக்கும். கேமரா அனுமதியையும் அங்கேயே கொடுத்துவிடலாம். அடுத்து, போனைக் கையாளும் தன்னார்வலர் தன் ஆதார் எண், கைப்பேசி எண், ஓடிபி, முகம் ஆகியவற்றைக் கொடுத்து இயக்குபவராகப் பதிய வேண்டும். இது ஒரு முறை வேலைதான். ஆனால் முகாம் நாள் காலையில் வரிசையை நிற்க வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. முதல் நாளே முடித்துவிட வேண்டும்.

இனி படிவம். ஆதாரில் உள்ளபடி பெயர், ஓய்வூதிய வகை, அதை அனுமதித்த அலுவலகம், பணம் வழங்கும் நிறுவனம், பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு எண். கணவரின் பென்ஷனை வாங்கும் அம்மாவுக்குக் ‘குடும்ப ஓய்வூதியம்’ என்று தேர்ந்தெடுக்காமல் ‘பணி ஓய்வூதியம்’ என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முன்னாள் ராணுவத்தினர் பலர் பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய முறையான ஸ்பார்ஷுக்கு மாறிவிட்டார்கள். பணம் வந்து விழுவது வங்கியில் என்பதால் வழங்கும் நிறுவனம் என்ற இடத்தில் வங்கியைப் போட்டுவிடுகிறார்கள்; அங்கே ஸ்பார்ஷ் என்று இருக்க வேண்டும். இரண்டு பென்ஷன் வாங்குபவருக்கு இரண்டு பிபிஓ, ஆகவே இரண்டு சான்றிதழ். ஒன்றைப் போட்டுவிட்டு எழுந்து போனால் மற்றது நின்றுவிடும்.

இந்தத் தவறுகள் எதையும் செயலி அந்த இடத்தில் பிடிப்பதில்லை என்பதுதான் அதன் பெரிய குறை. பிரமாண் ஐடி, அதாவது சான்றிதழின் எண், குறுஞ்செய்தியாக வந்துவிடும், எல்லோரும் மகிழ்ச்சியாகக் கலைந்துவிடுவார்கள். பணம் வழங்கும் நிறுவனம் பிறகுதான் அதை ஏற்கும் அல்லது நிராகரிக்கும். நிராகரித்தால் பழைய ஐடி செல்லாது. சரியான விவரத்தோடு புதிதாகப் போட வேண்டும். ஏற்றாயிற்றா என்று சில நாள் கழித்துக் கேட்டுப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்காத முகாம் பாதி வேலைதான் செய்கிறது.

ஆகவே ஆள் போடும் முறை முக்கியம். கல்லூரிப் பிள்ளைகளைப் போனில் விடலாம். பிபிஓ புத்தகத்தையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் விவரம் எழுதிக் கொடுக்கும் வேலைக்கு, அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பழகிய ஓய்வுபெற்றவர்களே சரி. அறுபதைத் தாண்டியவர்கள் ‘நான் என்ன உதவி செய்ய முடியும்’ என்று கேட்டால் இந்த நாற்காலியைக் காட்டலாம். அவர் எழுதிய தாளைப் பார்த்துப் பையன் தட்டினால் போதும்.

முகம் பதிவதற்கு வெளிச்சம் எதிரிலிருந்து வர வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் முகம் இருண்டுவிடும். பின்னால் வெற்றுச் சுவர், மூக்குக் கண்ணாடி கழற்றியிருக்க வேண்டும், போன் கண் மட்டத்தில். வட்டத்துக்குள் முகம் வந்ததும் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். காது மந்தமானவர்களுக்கு அதைச் சொன்னால் கேட்காது. எதிரே நிற்பவர் தானும் சிமிட்டிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். வெளிச்சம் சரியாக இருந்தும் நடக்கவில்லை, 330 என்ற பிழை எண் வருகிறது என்றால் ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டு (முகம், ரேகையைக் கொண்டு சரிபார்க்க விடாத பூட்டு) போடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகள் பாதுகாப்புக்காகப் பூட்டியிருப்பார்கள். தற்காலிகமாகத் திறக்க ஆதாரில் பதிந்த எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த சிம் வெளியூர் மகனிடம் இருந்தால் அவரைப் போனில் பிடிக்க வேண்டும். திறந்த பூட்டு சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும் என்பதால் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டு அப்புறம் திறப்பது நல்லது.

மறுமணம் செய்தவர்களுக்கும் மீண்டும் பணியில் சேர்ந்தவர்களுக்கும் இந்த வழி இல்லை. நேரில்தான் போக வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போனை எடுத்துப் போகலாம். தன்னார்வலர் கிடைக்காத ஊரில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரர் வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருகிறார். காசுக்கு மோசமில்லை.

எல்லோருக்கும் நவம்பர்தான் என்று நினைத்துக் கூட்டம் கூட்டுவதும் தேவையில்லாத சுமை. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் 1 முதல் 30 வரை; 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பி.எஃப். பென்ஷனுக்குக் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு. தமிழ்நாடு அரசு ஓய்வூதியருக்கு நேர்காணல் (உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்வது), ஓய்வுபெற்ற மாதத்தில். குடும்ப ஓய்வூதியருக்கு அது தொடங்கிய மாதத்தில். தவறவிட்டால் பணம் நிற்கும். சான்றிதழ் ஏறியதும் நிலுவையோடு வந்துவிடும். பயப்படத் தேவையில்லை, ஆனால் மருந்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பவருக்கு ஒரு மாதமே பெரிது.

நவம்பரில்தான் மோசடிப் போன்களும் கூடும். பிபிஓ எண்ணைச் சரியாகச் சொல்லி, சான்றிதழைப் புதுப்பித்துத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்பார்கள். போன் பேச்சில் ஆயுள் சான்றிதழ் போட வழியே கிடையாது, முகமோ விரலோ கருவிழியோ வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் முகாமிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். தன்னார்வலர்களும் ஆதார் அட்டையைப் படம் எடுக்கக் கூடாது, நகலைக் கையில் வைத்துக்கொள்ளவும் கூடாது. விவரம் எழுதிய துண்டுத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முகாம் நோட்டில் பெயர், பிரமாண் ஐடி, அடுத்த நேர்காணல் மாதம் மட்டும் போதும்.