பஸ்டப், சிம்பிள்டிபி, ரூக்கிடிபி: எதைக் கட்டிப் படிப்பது?

கல்லூரியில் 'மேம்பட்ட தரவுத்தள அமைப்புகள்' தாளில் நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் வேலைக்கான நேர்காணலில், "பணப் பரிமாற்றம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் தரவுத்தளம் என்ன செய்யும்?" என்று கேட்டார்கள். எனக்கு வரையறைகள்தான் தெரிந்திருந்தன. அது நடக்கும் விதம் தெரியவில்லை. எங்கள் பாடத்திட்டம் அந்த இடம் வரைக்கும் போகவே இல்லை என்ற கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பாடங்களை இரவுகளில் உட்கார்ந்து செய்தேன். கார்னகி மெலனின் 15-445, எம்.ஐ.டி.யின் 6.830 (இப்போது அதன் எண் 6.5830), பெர்க்லியின் சிஎஸ் 186. மூன்றிலும் அரைகுறையாக எழுதிய ஒரு தரவுத்தளத்தைக் கையில் கொடுத்து (முறையே பஸ்டப், சிம்பிள்டிபி, ரூக்கிடிபி), மீதியை நீங்களே எழுதுங்கள் என்கிறார்கள். எந்தப் பகுதியை அவர்கள் எழுதித் தருகிறார்கள், எதை உங்களிடம் விடுகிறார்கள் என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

கார்னகி மெலன் பாடத்தின் விரிவுரைகளுக்கு ஈடு இல்லை. பேராசிரியர் ஆண்டி பாவ்லோ பேசுவதை யூடியூபில் கேட்டால், இந்தத் துறை மீது அவருக்கு இருக்கும் காதல் நமக்கும் தொற்றிக்கொள்ளும். கட்டித் தரும் தரவுத்தளத்தின் பெயர் பஸ்டப், மொழி சி++. வெளியாட்களும், நிரலைத் தானாகச் சோதித்து மதிப்பிடும் கிரேட்ஸ்கோப் தளத்தில் தங்கள் நிரலைச் சமர்ப்பித்துத் திருத்திக்கொள்ளலாம். தனியாகப் படிப்பவருக்கு இது பெரிய உதவி. விடைகளைப் பொதுவெளியில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதை மதியுங்கள்.

பஸ்டப்பில் முதலில் எழுத வேண்டியது பஃபர் பூல், அதாவது வட்டில் இருக்கும் பக்கங்களை நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கும் பகுதி. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கினால் அதன் 'பின்' (pin) எண்ணிக்கை ஒன்று கூடும். அது பூஜ்யமாகும்வரை அந்தப் பக்கத்தைப் பூலிலிருந்து வெளியேற்ற முடியாது. வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். என் பி+ மரத்தில் (ஒரு சாவி மதிப்பை வைத்துப் பதிவைத் தேட, பக்கங்களை மரமாக அடுக்கும் அமைப்பு), தேடிய சாவி கிடைக்காதபோது மட்டும், மரத்தின் கடைசி மட்டமான இலைப் பக்கத்தை விடுவிக்காமல் திரும்பிவிட்டேன். பூலில் இருந்ததோ பத்தே இடங்கள். வெவ்வேறு இலைகளில் தோல்வியான தேடல்கள் கூடக்கூட ஒவ்வோர் இடமாகப் பூட்டிக்கொண்டது. கடைசியில் புதிய பக்கம் எதுவும் உள்ளே வர முடியவில்லை. பிழை மரத்தில் இருக்க, நான் இரண்டு இரவுகள் பூலில் தேடிக்கொண்டிருந்தேன். பின்னர் வந்த பதிப்புகளில், பக்கத்தைத் தானாக விடுவிக்கும் 'பேஜ் கார்ட்' வந்துவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு இரவுகள்தான், நினைவகத்துக்கும் வட்டுக்கும் நடுவில் நடக்கும் கணக்கை எனக்குப் புரியவைத்தன.

புராஜெக்ட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸாக 2022 இலையுதிர் பருவத்தில் பி+ மரம், 2023 இலையுதிரில் ஹாஷ் இன்டெக்ஸ். ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த இரண்டு பருவங்களிலும் மின்தடை போன்ற விபத்துக்குப் பிந்தைய மீட்பு விரிவுரையில் வருகிறது, புராஜெக்ட்டில் வருவதில்லை.

எம்.ஐ.டி.யின் சிம்பிள்டிபியை நான் செய்தது ஜாவாவில். சோதனைகள் நிரலுடனேயே வந்துவிடும். யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இதில் எனக்குப் பிடித்தது வரிசை. நான்காம் பயிற்சியில் ஒரு சலுகை தருகிறார்கள்: கமிட் ஆகாத (அதாவது, முடிந்தது என்று உறுதி செய்யப்படாத) மாற்றம் வட்டுக்குப் போகாது, கமிட் ஆனது உடனே போய்விடும். இப்படி இருந்தால் லாக் (log), அதாவது மாற்றங்களை வரிசையாகக் குறித்து வைக்கும் பதிவேடு, இல்லாமலே சமாளிக்கலாம். ஆறாம் பயிற்சியில் அந்தச் சலுகையைப் பறித்துவிடுகிறார்கள். லாக் எதற்கு என்று யாரும் விளக்காமலே அப்போது தெரிந்துவிடும். பி+ மர இன்டெக்ஸ் பயிற்சியும் கறாரானது: நீக்கும்போது அண்டைப் பக்கங்களிடம் பதிவுகளைக் கடன் வாங்குவது, பக்கங்களை இணைப்பது எல்லாம் எழுத வேண்டும். பெர்க்லியில் நீக்கும்போது மரத்தைச் சமன் செய்யத் தேவையில்லை.

பெர்க்லியின் ரூக்கிடிபியும் ஜாவாதான். பஃபர் மேலாளரை அவர்களே எழுதித் தந்துவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன பாடு இங்கே கிடையாது. அது இழப்புதான். ஆனால் ஐந்தாம் புராஜெக்ட்டில், 1992-இல் சி. மோகனும் உடன் ஆய்வாளர்களும் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியிட்ட ஏரீஸ் மீட்பு முறையை முழுவதுமாக எழுதவைக்கிறார்கள். மோகன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவருடைய முறையை நம் கல்லூரிகள் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருக்கி வைத்திருப்பது எனக்கு ஆறவில்லை.

அந்த முறை வேலை செய்வதைப் பாருங்கள். லாக்கில் 10-ஆம் பதிவு: முதல் பரிவர்த்தனை, பக்கம் 5-இல் 500-ஐ 300 ஆக்கியது. 20: இரண்டாம் பரிவர்த்தனை, பக்கம் 7-இல் 700-ஐ 900 ஆக்கியது. 30: முதல் பரிவர்த்தனை கமிட். மின்சாரம் போகிறது. பக்கம் 7 வட்டுக்குப் போய்விட்டது, 5 போகவில்லை. ஆக, வட்டில் இருக்க வேண்டியது இல்லை, இருக்கக் கூடாதது இருக்கிறது. மீண்டும் எழுந்ததும், ஒவ்வொரு பக்கமும் தன் மேல் குறித்து வைத்திருக்கும் கடைசிப் பதிவு எண்ணைத் தரவுத்தளம் பார்க்கிறது. பக்கம் 5-இல் அந்த எண் 10-ஐவிடக் குறைவு, அதனால் 300 திரும்ப எழுதப்படுகிறது. பக்கம் 7-இல் 20 ஏற்கெனவே இருப்பதால் அதைத் தொடுவதில்லை. பிறகு, கமிட் ஆகாத இரண்டாம் பரிவர்த்தனையைத் திருப்பி 700 ஆக்குகிறது. திருப்பியதையும் 40-ஆம் பதிவாக லாக்கில் எழுதுகிறது. அந்த நொடியில் மறுபடி மின்சாரம் போனாலும், 20 ஏற்கெனவே திருப்பப்பட்டது என்று 40 சொல்லிவிடும். அதே வேலை இன்னொரு முறை திருப்பப்படாது. இதை எழுதி, சோதனைகள் பச்சையான இரவில்தான் அந்த நேர்காணல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

ஒன்றுதான் செய்ய நேரம் என்றால் பெர்க்லியைச் செய்யுங்கள், விரிவுரைகளை மட்டும் பாவ்லோவிடம் கேளுங்கள். சேமிப்பு இயந்திரம் (தரவை வட்டில் வைத்து எடுக்கும் மென்பொருள் பகுதி) எழுதும் வேலைக்குப் போக நினைப்பவர்களும் சி++ கை பழகியவர்களும் பஸ்டப்பைத் தவிர்க்கக் கூடாது. சி++ தெரியாமல் அதில் இறங்கினால் படிப்பு மொழியோடு போராடுவதிலேயே போய்விடும். முதலில் அவர்களே தரும் பூஜ்யமாம் புராஜெக்ட்டை உதவியில்லாமல் முடித்துப் பாருங்கள். எம்.ஐ.டி., வேலைக்கு நடுவே விட்டு விட்டுப் படிப்பவருக்கு ஏற்றது. பயிற்சிகள் சிறியவை, இரண்டு வாரம் கழித்து வந்தாலும் விட்ட இடம் பிடிபடும்.

கார்னகி மெலனிலேயே 15-721 என்று உண்மையான மேல்நிலைப் பாடம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிப்பதுதான் அதன் உயிர். 2024-இல் அது பகுப்பாய்வுத் தரவுத்தளங்களைப் பற்றியதாக இருந்தது. மேலே சொன்ன மூன்றில் ஏதாவது ஒன்றைக் கையால் கட்டி முடித்த பிறகு அதற்குப் போங்கள். நான் முதலில் அங்கே போய், நான்காம் விரிவுரையில் நிறுத்திவிட்டு, ரூக்கிடிபி முடித்துத் திரும்பி வந்தேன்.